ஆல்பத்தின் பக்கங்கள் ஏன் நெளிகின்றன?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். பாட்டியின் தோட்டத்துப் படங்களையும் மகள் வரைந்த ஓவியங்களையும் ஏ4 தாளில் அச்சிட்டு, நடுவில் மடித்து, நூலால் தைத்து, முதுகில் பசை தடவிப் புத்தகமாக்கியிருக்கிறார். ஒரே மாதத்தில் பக்கங்கள் அலை அலையாக நெளிந்துவிட்டன. பசையில் தப்பா, தையலில் தப்பா என்று கேட்கிறார்.

இரண்டிலும் இல்லை. தாளில் நார் ஓடும் திசையில்தான் சிக்கல்.

காகித ஆலையில் மரக்கூழ், ஓடும் சல்லடையின் மேல் பாய்கிறது. நார்கள் பெரும்பாலும் அந்த ஓட்டத்தின் திசையிலேயே படுத்துவிடும். தோரணம் கட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும்: தென்னங்குருத்து நீளவாக்கில் சர்ரென்று கிழியும், குறுக்கே முரண்டு பிடிக்கும். செய்தித்தாளும் அப்படித்தான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒரு நாருக்குள் செல்லுலோஸ் சங்கிலிகள் பெரும்பாலும் நீளவாக்கில், துடைப்பத்து ஈர்க்குகள் போல நெருக்கிக் கட்டுண்டு கிடக்கின்றன. துடைப்பத்தின் நடுவே விரலை நுழைத்தால் கட்டு பருக்கும், ஈர்க்கு நீளுமா? நீளாது. காற்றின் ஈரம் செய்வதும் இதுவே. நீர் மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்குகின்றன. அதனால் நார் அகலத்தில்தான் நன்றாகப் பருக்கிறது. நீளம் கூடுவது மிகக் கொஞ்சம்.

கண்ணால் பார்க்க வேண்டுமா? தாளில் சின்னச் சதுரம் வெட்டி, ஒரு பக்கத்தை மட்டும் ஈரப் பஞ்சால் ஒற்றுங்கள். நனைந்த பக்கம் அகல, சதுரம் பாய் போலச் சுருளும். அந்தச் சுருள் எந்தத் திசையில் நீண்டு கிடக்கிறதோ, அதுவே நாரோட்டம். எத்தனை தடவை செய்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

சரி, வாசகியின் புத்தகம். கடையில் வாங்கும் ஏ4 தாளில் பெரும்பாலும் நார் 297 மில்லிமீட்டர் பக்கமாக ஓடும். அதை ஏ5 ஆக மடித்தால் மடிப்பு நார்களுக்குக் குறுக்கே விழுகிறது. பினாங்குக் காற்றின் ஈரப்பதமோ 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். இரவில் ஏர்கான், பகலில் திறந்த ஜன்னல் என்றால் தாள் தினமும் விரிந்து சுருங்கும். முதுகோடு இணையாக விரியப் பார்க்கும் தாளைத் தையலும் பசையும் பிடித்து நிறுத்துகின்றன. வேறு வழியின்றி அது நெளிகிறது. நார் முதுகுக்கு இணையாக ஓடினால், தாள் திறந்த விளிம்பை நோக்கித் தடையில்லாமல் விரிந்துகொள்ளும்.

நீளவாக்கில் நார் ஓடும் ஏ3 தாளை இரண்டாக வெட்டி மடியுங்கள். திசை சரியாகிவிடும். அட்டைக்கும் இதே கணக்குதான். அட்டையின் வெளியே ஒட்டிய துணி காயும்போது சுருங்கி அதை வெளிப்புறமாக இழுக்கும். உள்ளே ஒட்டும் தாள் எதிர்ப்பக்கம் இழுத்துச் சமன்செய்யும். அதனால் அதை விட்டுவிடாதீர்கள்.

தாள் கட்டின் உறையில் நாரோட்டத்தை அச்சிட ஒரு அம்புக்குறி போதும். எல்லா ஆலைகளும் அதைச் செய்ய வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வாழ்ந்த நம்மவர்களின் முகங்கள் பல வீடுகளில் பிஸ்கட் டின்னுக்குள் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. இந்த ஈரக்காற்றில் தாளையும் படத்தையும் காக்கும் ஆய்வுக்கு நம் பல்கலைக்கழகங்களில் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

பாட்டியின் அசல் படங்களை மட்டும் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள், அக்கா. நான்கு மூலைகளிலும் தாள் முக்கோணம் மடித்துச் செருகுங்கள். அவையும் விரிந்து சுருங்க இடம் வேண்டும்.