நகலுக்கும் தனி நம்பர் வேண்டும்

அந்தப் பழைய மோட்டார் சைக்கிளின் சீட்டைக் கழற்றியதுமே தெரிந்துவிட்டது. அதன் சட்டம், அதாவது பிரேம், நான் செய்தது.

வண்டியைக் கொண்டுவந்த தம்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது, வத்தளைப் பக்கம். "முழுக்க ஒரிஜினல் அண்ணே, நோர்ட்டன் 16எச், யுத்த காலத்து வண்டி" என்றபோது முகமெல்லாம் பூரிப்பு. எஞ்சின் பழையதுதான், அதில் பொய்யில்லை. ஆனால் சீட்டுக்குக் கீழே குழாய்கள் சேரும் மூட்டின் உள்பக்கத்தில், அரம் எட்டாமல் அன்று நான் விட்டுவைத்த பித்தளைத் திரள் ஒன்று, மிளகு அளவில், அப்படியே இருந்தது. பத்து வருடங்களுக்கு முன் வேறொருவர் துருவேறி உளுத்துப்போன சட்டத்தோடு பஞ்சிகாவத்தையில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். அவருக்காக அளவெடுத்து, குழாய் வளைத்து, புதிதாகச் செய்து கொடுத்தது இது. செசி நம்பர், அதாவது சட்டத்தின் அடையாள எண், அடிக்கும் இடத்தை அன்று வெறுமையாக விட்டேன். இன்று அந்த இடத்தில் பழைய பாணியில் ஒரு நம்பர் இருக்கிறது. இடையில் கைமாற்றிய தரகர் ஒருவர் அடித்து, ஒரிஜினல் விலைக்கே தள்ளிவிட்டிருக்கிறார்.

என் அடையாளத்தையும் செய்த வருடத்தையும் அன்றே அடித்துக் கொடுத்திருந்தால் இந்தத் தம்பி ஏமாந்திருக்க மாட்டார். அந்தத் தவறு என்னுடையது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ரெப்ளிகா, அதாவது பழைய வண்டியின் நகல், செய்வது கள்ளத் தொழில் இல்லை. கைவேலை இல்லாவிட்டால் பல பெயர்கள் அடியோடு மறைந்தே போயிருக்கும். புரோ சுப்பீரியர் என்ற ஆங்கிலேய மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். 1919-இல் நொட்டிங்ஹாமில் ஜோர்ஜ் புரோ தொடங்கியது. 1940 வரை செய்த வண்டிகள் மொத்தமே மூவாயிரத்துச் சொச்சம். எஞ்சினை ஜே.ஏ.பி., மாட்ச்லெஸ் போன்றவர்களிடம் வாங்கினார்கள், கியர்பெட்டியும் வெளியார் செய்ததுதான். புரோவின் கை தெரிவது அவற்றைச் சேர்த்துப் பொருத்திய விதத்தில், அப்புறம் நிக்கல் பூசிப் பளபளக்கும் அந்த டேங்க்கில். எஸ்எஸ்100 என்ற அவர்களது மாடலை வாங்கியவருக்கு மணிக்கு 100 மைல் ஓடும் என்று உத்தரவாதமே கொடுத்தார்கள். யுத்தம் வந்தது, மோட்டார் சைக்கிள் செய்வது நின்றது, பிறகு தொடங்கவே இல்லை. 2008-இல் மார்க் உப்ஹாம் அந்தப் பெயரின் உரிமையை வாங்கி உயிர் கொடுத்தார். இன்று பிரான்ஸின் துலூஸில் கையால் பொருத்தி வெளிவருகிற வண்டிகள் புதிய எஞ்சினோடு, புதிய நம்பரோடு வருகின்றன. 1925-இல் செய்தது என்று எவரும் சொல்வதில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

பொய் நம்பர் ஏன் வருகிறது என்பதற்கும் இதே பெயரில் பதில் இருக்கிறது. இங்கிலாந்தின் கோர்ன்வாலில் கொட்டகைகளில் துருப்பிடித்துக் கிடந்த புரோ சுப்பீரியர்கள் 2016-இல் ஏலத்துக்கு வந்தன. அதில் நான்கு சிலிண்டர் வண்டி ஒன்று மட்டும் 331,900 பவுணுக்குப் போனது. துருவுக்கே அந்த விலை என்றால், நம்பர் அடிக்கும் பஞ்ச் வைத்திருக்கிறவனுக்குக் கை அரிக்காமல் இருக்குமா?

சரி, வாங்குகிறவர் எதைப் பார்ப்பது? முதலில் எழுத்தை. பழைய நம்பர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு எழுத்தாகச் சுத்தியலால் அடித்தவை, அதனால் ஆழம் கொஞ்சம் கூடும் குறையும். சுற்றியுள்ள இரும்பில் மட்டும் அரம் தேய்த்த பளபளப்போ தடித்த பெயின்டோ இருந்தால் நின்று யோசியுங்கள். சி.ஆரில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், உள்ள செசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வண்டியோடு வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். போட்டோ பார்த்துக் காசு அனுப்பாதீர்கள்.

அடுத்தது புரி, அதாவது போல்ட்டைச் சுற்றி ஓடும் திருகு வரி. பழைய ஆங்கிலேய வண்டிகளில் நிறைய இடங்களில் விட்வேர்த் என்ற பழைய அங்குல அளவுப் புரி இருக்கும். 5/16 அங்குல போல்ட் 7.94 மில்லிமீட்டர். நம் கடைகளில் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட் கையில் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆனால் விட்வேர்த்தில் அங்குலத்துக்கு 18 புரி, கோணம் 55 பாகை. மெட்ரிக்கில் ஏறத்தாழ 20 புரி, 60 பாகை. மாற்றிப் போட்டால் ஒன்றிரண்டு சுற்று உள்ளே போகும், பிறகு இறுகும். பட்டறைப் பொடியன் ஸ்பனரில் குழாயை மாட்டி அழுத்துவான். "இறுகிட்டுது" என்பான். இறுகவில்லை, புரி கிழிந்துவிட்டது. அச்சு போல்ட்டில் அப்படி நடந்தால் சக்கரம் கழன்று போகும். புரி அளக்கும் கேஜ் ஒன்று பெரிய விலை இல்லை. என் லேத் மேசையில் அது எப்போதும் திறந்தே கிடக்கும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து பழையபடி செய்யாதீர்கள்: பிரேக் லைனிங். அந்தக் காலத்து லைனிங்கிலும் கிளட்ச் தட்டிலும் அஸ்பெஸ்டஸ் இருந்தது. பிரேக் டிரம்மைத் திறந்ததும் கொம்ப்ரஸர் காற்றை அடித்துத் தூசி தட்டுவதை இன்றும் பார்க்கிறேன். அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். ஈரத்துணியால் துடையுங்கள், முகத்துக்குச் சரியான மாஸ்க் போடுங்கள், புதிய லைனிங் அஸ்பெஸ்டஸ் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். லைனிங்கை மாற்றினால் வண்டியின் மதிப்பு குறையும் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2024-இல் வெள்ளவத்தை ஐயா ஒருவர் சட்டம் செய்யக் கேட்டார். "தம்பி, அந்தப் பழைய நம்பரையே அடிச்சுத் தாங்கோவன், ஆருக்குத் தெரியப்போகுது?" முடியாது என்றேன். கோபித்துக்கொண்டு போனார். இரண்டு கிழமை கழித்து அவரே வந்தார். என் எழுத்தும் 2024 என்ற ஆண்டும் தெளிவாகத் தெரியும்படி அடித்துத்தான் கொடுத்தேன்.

வத்தளைத் தம்பிக்கு அன்று உண்மையைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வண்டியை விற்க மாட்டன் அண்ணே, ஓட்டத்தான் வாங்கினன்" என்றார். சீட்டுக்குக் கீழே, அந்த மிளகுப் பித்தளைக்குப் பக்கத்தில், என் எழுத்தையும் செய்த வருடத்தையும் அடித்தேன். பொய் நம்பரை நான் தொடவில்லை. அதை அழிப்பது என் வேலையும் இல்லை. நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் காட்டுவதற்கு, இந்தச் சட்டத்தை எப்போது, எந்தக் குழாயில், எவருக்காகச் செய்தேன் என்று கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறேன்.