கல்லறைக் கல்லில் பெயர் எத்தனை நாள் நிற்கும்?

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதை முன்னிட்டு குன்னூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “எங்கள் கொள்ளுத் தாத்தாவின் கல்லறையில் பெயரைப் படிக்கவே முடியவில்லை. வெள்ளைக் கல், மேலெல்லாம் பாசி. பாத்ரூம் ஆசிட் ஊற்றித் தேய்த்தால் எழுத்து தெரியும் என்கிறார்கள். செய்யலாமா?”

தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பெயர் அழிய மழைக்கு நூறு ஆண்டு பிடிக்கிறது. பல ஆண்டு மழையின் வேலையை ஆசிட் ஒரு காலைப் பொழுதில் முடித்துவிடும்.

முதலில் அது என்ன கல் என்று பாருங்கள். மலைக் கல்லறைகளில் பெரும்பாலும் இரண்டு வகைதான். வெள்ளையாக இருந்தால் பளிங்கு, அதாவது கால்சியம் கார்பனேட். கரும்பச்சை கலந்து, எண்ணெய் தடவினாற்போல் மினுங்கினால் நம் மலையின் சொந்தக் கருங்கல், சார்னோக்கைட். நீலகிரியின் உடம்பே இந்தப் பாறைதான். வயது சுமார் 250 கோடி ஆண்டு. இதற்குப் பெயர் வந்த கதையும் ஒரு கல்லறையிலிருந்து வந்ததே. கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்துப் பல்லாவரம் கல்லைக் கொண்டுபோய்ப் பதித்திருந்தார்கள். புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அந்தக் கல்லை ஆராய்ந்து, அந்த வகைப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே வைத்தார். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நாம் மிதித்து நடக்கும் பாறைக்கு ஒருவருடைய கல்லறைக் கல் பெயர் தந்திருக்கிறது.

கருங்கல்லில் ஆழமாகக் கொத்திய எழுத்து பல நூற்றாண்டு தாங்கும். பளிங்கின் பாடுதான் சிரமம்.

மழைத்துளி விழும்போதே காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அதன் pH சுமார் 5.6. குளிர்ந்த நீரில் இந்த வாயு கூடுதலாகக் கரையும். 10 டிகிரி நீர், 30 டிகிரி நீரைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் பிடித்துவைக்கும். மலைக் குளிர் பளிங்குக்குப் பகை என்பதற்கு இது முதல் காரணம். ஒரு லிட்டர் மழைநீர் அதிகபட்சம் 60 மில்லிகிராம் அளவு பளிங்கைக் கரைக்க முடியும். ஆண்டுக்கு 1,200 மி.மீ. மழை என்று வைத்தால், ஒரு சதுர மீட்டர் கிடைமட்டக் கல்லிலிருந்து 72 கிராம். தடிமனில் அது ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதல். நூறு ஆண்டுக்கு இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல். எழுத்தின் ஆழமே பல கற்களில் அவ்வளவுதான். தண்ணீர் முழுசாகக் கரைப்பதற்குள் வழிந்துவிடுவதால் உண்மையில் இழப்பு இதைவிடக் குறைவு. நிமிர்ந்து நிற்கும் கல்லில் இன்னும் குறைவு.

இரண்டாவது காரணம் பனி. பளிங்கு என்பது கால்சைட் (கால்சியம் கார்பனேட்) படிகங்களின் நெருக்கமான கூட்டம். சூடேறினால் ஒவ்வொரு படிகமும் ஒரு திசையில் நீளும், அதற்குக் குறுக்கே சுருங்கும். பக்கத்துப் படிகம் வேறு திசை பார்த்து உட்கார்ந்திருக்கும். ஊட்டியில் சனவரி விடியலில் புல்லில் உறைபனி, மதியம் நல்ல வெயில். தினமும் படிகங்கள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிப் பிடிப்பு விடுகின்றன. பழைய பளிங்கை விரலால் தடவினால் சர்க்கரை போல் மணிமணியாகக் கையில் ஒட்டுவது இதனால்தான்.

இனி அந்தப் ‘பாசி’க்கு வருவோம். அது பாசி மட்டுமல்ல, லைக்கன். பிரியாணிக்கும் செட்டிநாட்டு மசாலாவுக்கும் போடுகிறோமே கல்பாசி, அதன் சொந்தக்காரர்கள். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். பாசி வெயிலில் சர்க்கரை சமைக்கிறது. பூஞ்சை வீடு கட்டி, ஈரத்தைப் பிடித்து, கல்லிலிருந்து உப்புகளை எடுத்துத் தருகிறது. வேர் கிடையாது, மழைகூட அவசியமில்லை; மலையில் தவழும் மூடுபனியே போதும்.

வழவழப்பாகத் தேய்த்த கல்லில் இதற்குக் கால் வைக்க இடமில்லை. ஆனால் உளி பட்ட இடம் சொரசொரப்பாக இருக்கும். எழுத்தின் பள்ளத்தில் ஈரம் கூடுதல் நேரம் தங்கும், தூசி சேரும். காற்றில் வரும் லைக்கன் துணுக்கு அங்கேதான் எளிதாக ஒட்டுகிறது. பெயரைக் கொத்திய இடமே அதற்குக் கதவு.

ஒட்டியதும் பூஞ்சையின் இழைகள், தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும், படிகங்களுக்கு நடுவே நுழைகின்றன. பனி ஏற்கெனவே பிடிப்பை விட வைத்த இடைவெளிகள் அவை. உள்ளே போய் ஆக்சாலிக் அமிலத்தைச் சுரக்கின்றன. அது பளிங்கிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து கால்சியம் ஆக்சலேட் ஆகிறது. நம் சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை இதே பொருள்தான். பிறகு மூடுபனி வந்தால் லைக்கன் ஊறி உப்பும். வெயில் வந்தால் சுருங்கும். ஊறும்போதும் சுருங்கும்போதும் இழையோடு சேர்ந்து படிக மணிகள் இழுபடுகின்றன. மலையில் ஒரே நாளில் இது பல முறை நடக்கும். இவ்வளவு பொறுமையான கல் தச்சரை வேறெங்கும் பார்க்க முடியாது.

ஆனாலும் லைக்கனை எதிரியாக மட்டும் பார்க்க வேண்டாம். ஆக்சலேட் நீரில் எளிதில் கரையாது. சில கற்களில் அந்தப் படலமே மழைக்குக் குடையாக நிற்கிறது. இன்னொரு உபகாரமும் உண்டு. ஆஸ்திரியரான ரோலண்ட் பெஷல், தேதி பொறித்த கல்லறைகளில் லைக்கனின் விட்டத்தை அளந்து வளர்ச்சி வேகத்தைக் கணித்தார். அதை வைத்துப் பனியாறு விட்டுச்சென்ற பாறைகளின் வயதைச் சொல்லும் முறையை 1950-இல் வெளியிட்டார். ஊட்டி புனித ஸ்தேவான் ஆலயம் 1830-இல் பிரதிஷ்டையானது. அதன் கல்லறைத் தோட்டத்தில், ஊட்டி நகரை உருவாக்கிய ஆங்கிலேய கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவி, மகள் காலத்திலிருந்து தேதியிட்ட கற்கள் இருக்கின்றன. ஒரு அளவுகோலும் நோட்டுப் புத்தகமும் போதும், மலைக் கல்லூரி மாணவர்கள் நமக்கென்று ஒரு வளர்ச்சி அட்டவணை போடலாம். கோடிக்கணக்கில் கருவி வாங்கும் திட்டத்துக்குத்தான் நிதி என்ற மனப்போக்கு மாற வேண்டும்.

ஆசிட்டுக்கு வருகிறேன். ஊற்றியதும் நுரை பொங்குமே, அழுக்கு போகிறது என்று நினைப்போம். பொங்குவது கல்தான். ஒரு லிட்டர் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் முழுதும் வினைபுரிந்தால் 137 கிராம் பளிங்கு போய்விடும். மேலே சொன்ன மழைக் கணக்கில், ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு ஆண்டின் உச்சபட்ச இழப்பு அது. அதே லிட்டரை அரைச் சதுர மீட்டர் கல்லில் ஊற்றினால் நாலு ஆண்டு இழப்பு. பிளீச்சிங் பவுடர், கம்பி பிரஷ், பைக் கழுவும் பிரஷர் பம்ப் எல்லாமே கூடாது. காய்ந்த லைக்கனைச் சுரண்டினால் இழை பிடித்திருக்கும் மணிகளும் சேர்ந்தே பெயரும். வருடா வருடம் அடிக்கும் சுண்ணாம்பு எழுத்துப் பள்ளத்தை மூடிவிடும். விரிசலில் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, பக்கத்துப் பளிங்கு உதிரும்.

செய்ய வேண்டியது இது. கல்லைத் தட்டிப் பாருங்கள்; பொத்தலாகச் சத்தம் கேட்டாலோ மணி உதிர்ந்தாலோ கழுவவே வேண்டாம். உறுதியாக இருந்தால் வெறும் தண்ணீரைத் தெளித்து அரை மணி நேரம் ஊற விடுங்கள். லைக்கன் மெத்தென்று ஆனதும் மூங்கில் குச்சியால் மெல்ல நெம்புங்கள். மென்மையான நைலான் பிரஷால் கீழிருந்து மேலாகத் தேய்த்துக் கழுவுங்கள். வராததை விட்டுவிடுங்கள்.

படிப்பதற்குக் கழுவ வேண்டியதே இல்லை. சாயங்காலம் இருட்டியதும் செல்போன் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், ஏறக்குறைய கல்லோடு ஒட்டிப் பிடியுங்கள். அரை மில்லிமீட்டர் பள்ளம்கூட நீளமாக நிழல் போடும். இன்னொருவர் நேர் எதிரில் நின்று படம் எடுக்கட்டும். டார்ச்சை இடம், வலம், மேல் என்று மாற்றி நாலைந்து படம். ‘ன’வா ‘ண’வா என்ற சந்தேகம் பெரும்பாலும் வெளிச்சத்தின் திசையை மாற்றிப் பார்க்கும்போது தீரும். இருட்டில் கல்லறைத் தோட்டத்துக்குள் போகலாமா என்று வீட்டில் பெரியவர்கள் தயங்குவார்கள். அந்தப் பயத்தால்தான் கற்கள் வருடத்தில் 364 நாள் கவனிப்பாரின்றிக் கிடக்கின்றன. மனம் ஒப்பவில்லை என்றால், கிழக்குப் பார்த்த கல்லின் பக்கவாட்டில் வெயில் சாய்ந்து விழும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.

1905-இல் ஜே. ஜே. காட்டன் சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்தார். கல் போனாலும் அந்தப் பெயர்கள் தாளில் தப்பின. ஆனால் அது முக்கியமாக ஐரோப்பியர்களின் பட்டியல். தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவருடைய கல்லை அவருடைய பேரப்பிள்ளைகள்தான் எழுதிவைக்க வேண்டும். பெயர், தேதி, ஊர், படித்த வாசகம், படிக்க முடியாத எழுத்துக்கு ஒரு புள்ளி. இருக்கிற வயதானவர்களிடம் வாசித்துக் காட்டினால் புள்ளிகளில் பாதி நிரம்பும். படத்தில் ஓரமாக ஒரு அளவுகோலை வைத்து, இருப்பதிலேயே பெரிய லைக்கன் வட்டத்தின் விட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நவம்பர் 2 அன்று அதே வட்டத்தை அதே அளவுகோலால் அளக்கலாம்.