புரோஸ்டேட்டை அகற்றிய பின் புற்றுநோய் மீளுமா? கணிப்பு நடக்கும் விதம்

சிகிச்சைக்காகக் காட்பாடியில் ரயிலை விட்டு இறங்குவோர் பலரின் கையில் பிளாஸ்டிக் கோப்பு ஒன்று இருக்கும். புற்றுநோய்க்காகப் புரோஸ்டேட் சுரப்பியை முழுமையாக அகற்றிக்கொண்டவர்கள் அந்தக் கோப்பில் முதலில் தேடுவது பி.எஸ்.ஏ. எனும் இரத்தப் பரிசோதனை எண்ணைத்தான். ஆனால், நோய் மீண்டும் தலைகாட்டுமா என்பதைக் கணிக்க உதவும் செய்திகளில் பெரும்பகுதி, அதற்குப் பின்னால் மடித்து வைத்திருக்கும் திசுப் பரிசோதனை அறிக்கையில்தான் இருக்கிறது.

அகற்றிய சுரப்பியின் வெளிப்பரப்பு முழுவதிலும் ஆய்வுக்கூடத்தில் மை பூசுவார்கள். வலப்பக்கத்துக்கு ஒரு நிறம், இடப்பக்கத்துக்கு வேறொரு நிறம். பிறகு அதைச் சில மில்லிமீட்டர் கனமுள்ள வில்லைகளாக அரிந்து, மெழுகில் பதித்து, மிக மெல்லியதாகச் சீவி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். அங்கே தெரியும் மைக்கோடுதான் அறுவை மருத்துவரின் கத்தி போன பாதை. புற்றுச் செல்கள் அந்த மையைத் தொட்டிருந்தால், உடலுக்குள்ளும் சிறிது தங்கியிருக்கலாம் என்று பொருள். தங்கியே தீரும் என்று பொருளில்லை. விளிம்பில் புற்று இருந்தும் நோய் திரும்பாதவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுக் குடும்பமே இடிந்துபோவது தேவையற்றது.

புற்று சுரப்பியின் உறையைத் தாண்டியதா, விந்துப்பைக்குள் புகுந்ததா, நிணநீர்க் கணுக்களை எட்டியதா, கிளீசன் மதிப்பெண் என்ன ஆகியவற்றையும் அதே அறிக்கை சொல்லும். செல்களின் அடுக்கு எவ்வளவு குலைந்திருக்கிறது என்பதை அளக்கும் கிளீசன் முறையில் 3+4, 4+3 இரண்டுமே கூட்டினால் 7தான். எனினும் அதிகமாகக் காணப்படும் அமைப்பின் எண்ணே முதலில் வரும் என்பதால், குலைவு மிகுந்த பகுதி மேலோங்கி நிற்கும் 4+3 கூடுதல் ஆபத்தானது.

இவற்றையெல்லாம் ஒரே எண்ணாகத் திரட்டும் முறைகளில் ஒன்று, சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தினர் 2011இல் வெளியிட்ட காப்ரா-எஸ். குடியாத்தத்தில் கைலி நெய்யும் 64 வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அறுவைக்கு முன் அவருடைய பி.எஸ்.ஏ. 8.4, அது 6க்கு மேல் 10க்குள் இருப்பதால் 1 புள்ளி. கிளீசன் 3+4, அதற்கு 1. விளிம்பில் புற்று இருந்தது, அதற்கு 2. உறை, விந்துப்பை, கணுக்கள் மூன்றிலும் நோய் இல்லை. ஆக மொத்தம் 12க்கு 4. 2 வரை குறைந்த ஆபத்து, 3 முதல் 5 வரை நடுத்தரம், 6 முதல் அதிகம் என்பதால் இவர் நடுவில் நிற்கிறார். இதே எண்ணைப் பெற்ற ஆயிரம் பேரில் ஏறத்தாழ எத்தனை பேருக்கு நோய் திரும்பும் என்று இதை வைத்து மதிப்பிடலாமே தவிர, அவர்களுள் இந்த நெசவாளர் எந்தப் பக்கம் என்பதை இது சொல்லாது.

அதைக் காட்டிக்கொடுப்பது இனி எடுக்கப்போகும் இரத்தம். பி.எஸ்.ஏ.வைச் சுரக்கும் சுரப்பியே போய்விட்ட பிறகு, இரத்தத்தில் எஞ்சியிருப்பது ஏறத்தாழ இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை பாதியாகும். 8.4 என்பது 4.2, 2.1 என்று ஏழு முறை பாதியானால் 0.07க்கு இறங்கிவிடும், அதற்குச் சுமார் மூன்று வாரம் போதும். முதல் பரிசோதனையைப் பொதுவாக ஆறு வாரம் கழித்தே வைப்பதற்கு இந்தக் கணக்கு ஒரு காரணம். அப்போதும் எண் இறங்காதிருந்தால், நோய் வேறெங்கோ இருக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். இறங்கிய எண் பிறகு ஏறி 0.2ஐத் தொட்டு, மறுபரிசோதனையிலும் அது உறுதியானால், நோய் திரும்பியதாகப் பொதுவாகக் கொள்வார்கள்.

அதன்பின் எண்ணைவிட அது ஏறும் வேகமே முக்கியம். மூன்று மாதத்தில் இரட்டிப்பாவதும் ஓராண்டுக்கு மேல் எடுத்து இரட்டிப்பாவதும் வெவ்வேறு நோய்கள் என்றே சொல்லிவிடலாம். ஒருமுறை வேலூரிலும் மறுமுறை ஆரணியிலும் என்று இரத்தம் கொடுத்தால் இந்த வேகக் கணக்கு குழம்பிவிடும். கருவியும் வேதிப்பொருளும் மாறினாலே இவ்வளவு சிறிய எண்கள் சற்று முன்பின்னாக வரும். பேருந்துச் செலவு பெரிதில்லை என்றால் ஒரே ஆய்வுக்கூடத்துக்குப் போவதே நல்லது.

எண் ஏறத் தொடங்கினாலும் கால அவகாசம் உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில், பி.எஸ்.ஏ. ஏறியதிலிருந்து நோய் வேறு உறுப்புகளில் தெரியவர ஆன இடைநிலைக் காலம் (பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்) 8 ஆண்டு. விளிம்பில் புற்று இருந்தவர்களுக்கு உடனே கதிர்வீச்சு கொடுப்பது ஒருகாலத்தில் பரவலாகப் பரிந்துரைக்கப்பட்டது. ரேடிகல்ஸ் என்ற ஆய்வின் 2020ஆம் ஆண்டு முடிவுகள், எண் ஏறத் தொடங்கியதும் கொடுப்பதைவிட உடனே கொடுப்பதால் கூடுதல் பயன் இல்லை என்று காட்டின. சிறுநீர்த் தொல்லைகளோ உடனே கொடுத்தவர்களிடம் அதிகமாக இருந்தன. ஆகவே 4 புள்ளி பெற்ற அந்த நெசவாளருக்கு, அறுவைக்குப் பின் எண் இறங்கியிருந்தால், இப்போதைக்குக் கதிர்வீச்சு வேண்டியிராது. சில மாதத்துக்கு ஒருமுறை அதே ஆய்வுக்கூடத்தில் இரத்தம் கொடுத்து, எண் ஏறுகிறதா என்று பார்த்துவந்தால் போதும்.