சுகரே இல்லாதவருக்கு எதற்குச் சர்க்கரைத் தண்ணீர்?

வடசென்னையில் ஏதாவது ஒரு சுகாதார நிலையத்தில், கர்ப்பிணிகளுக்கான செக்கப் நாளில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வி காதில் விழாமல் போகாது: "எங்க வீட்ல யாருக்குமே சுகர் இல்லையே சிஸ்டர், எனக்கு எதுக்கு இந்தத் தண்ணி?" பதிலும் அநேகமாக ஒன்றுதான். "எல்லாரும் குடிக்கணும்மா, குடிங்க."

கர்ப்பத்தில் சர்க்கரை நோய் வந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்காகக் கொடுக்கிற குளுக்கோஸ் தண்ணீர் அது. பதில் சரிதான், ஆனால் பாதிதான். மீதிப் பாதி வயிற்றுக்குள் இருக்கிறது.

குழந்தை வளர்வதற்குத் தேவையான எரிபொருளில் பெரும்பங்கு குளுக்கோஸ். அது தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் போகிறது. போவதற்கு முன் தாயின் தசைகளே அதை உறிஞ்சித் தீர்த்துவிட்டால் குழந்தைக்கு என்ன மிஞ்சும்? அதனால் நஞ்சுக்கொடி ஒரு வேலை செய்கிறது. சர்க்கரையைத் தசைகளுக்குள் அனுப்புகிற இன்சுலினின் பேச்சு தாயின் உடலில் எடுபடாமல் செய்யும் ஹார்மோன்களைச் சுரந்து ரத்தத்தில் கலக்கிறது. இன்சுலின் இருக்கும், ஆனால் தசைகள் முன்போல் அதற்குப் பணியாது. சாப்பிட்டபின் சர்க்கரை இன்னும் கொஞ்ச நேரம் ரத்தத்தில் தங்கும், குழந்தைக்கு வேண்டியது கிடைக்கும்.

இது நோயல்ல, எல்லாக் கர்ப்பிணிக்கும் நடப்பதுதான். இதை ஈடுகட்டத் தாயின் கணையம் கடைசி மாதங்களில் வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் இன்சுலின் சுரக்கிறது. ஆள் ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும் ஷேர் ஆட்டோ மாதிரி, அதே வேகத்தில் போக இன்னும் முறுக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான கணையங்கள் முறுக்கிக்கொண்டு ஏறிவிடுகின்றன. சிலருடையது பாதியில் திணறுகிறது. அந்தத் திணறலுக்குத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் என்று பெயர்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். ஒன்று, ஐந்தாம் மாதம் ஆசைப்பட்டுச் சாப்பிட்ட ஜாங்கிரிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை. "வாயைக் கட்டாததால்தான் வந்தது" என்று மருமகளைக் குத்திக் காட்டுகிற மாமியார்கள் அந்தப் பேச்சை விட்டுவிடலாம். இரண்டாவது, சோதனையை ஒரு முறை செய்து நிறுத்தாததற்குக் காரணம். முதல் முறை பதிவுக்கு வரும்போதே பார்ப்பது, ஏற்கெனவே சர்க்கரை இருந்தும் தெரியாமல் இருப்பவர்களைக் கண்டுபிடிக்க. நஞ்சுக்கொடி வளர வளர அந்த ஹார்மோன்களும் ஏறும் என்பதால், அப்போது சரியாக இருந்தவரை 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்கிறார்கள். நம் கணக்கில் அது ஆறு, ஏழாம் மாதம். வளைகாப்பும் ஐந்து வகைச் சாதமும் கேசரியும் வரிசைகட்டி வருகிற சமயம். கணையத்துக்கு அதைவிடச் சோதனையான பருவம் கிடையாது.

"நான் ஒல்லியாத்தானே இருக்கேன்?" என்பது அடுத்த கேள்வி. எடை கூடியவர்களுக்கும் முப்பதைத் தாண்டியவர்களுக்கும் வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் தெற்காசிய உடல்வாகில் பார்வைக்கு மெலிந்தவர்களுக்கும் உள்ளே கொழுப்பு அதிகம், இன்சுலினுக்குப் பணியாத தன்மையும் அதிகம். ஆளைப் பார்த்து எடைபோட்டால் பலர் தப்பிவிடுவார்கள். அதனால்தான் எல்லாருக்கும் தண்ணீர்.

"வெறும் வயிற்றில் வரணுமா?" வேண்டாம். இங்கேதான் சென்னைக்கே உரிய ஒரு கதை இருக்கிறது. பல வெளிநாட்டு முறைகளில் இரவு முழுக்கப் பட்டினி இருந்து வந்து, இரண்டு மூன்று தடவை ரத்தம் கொடுக்க வேண்டும். எண்ணூரிலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ மசக்கையோடு, வெறும் வயிற்றோடு, பஸ் நெரிசலில் ஒரு பெண் எப்படி வருவார்? ஒரு முறை வந்து மயங்கி விழுந்தவர் மறுமுறை வரவே மாட்டார். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-இல் நீரிழிவுக்கெனத் தனித் துறையைத் தொடங்கியவர் டாக்டர் வி. சேஷையா. அவரும் சக மருத்துவர்களும் சேர்ந்து உருவாக்கியதுதான் 'டிப்சி' (இந்தியக் கர்ப்பகால நீரிழிவு ஆய்வுக் குழு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்கிற முறை. சாப்பிட்டிருந்தாலும் சரி, சாப்பிடாவிட்டாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கரைத்து ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம். 140 மி.கி. அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. 2007-இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனையைக் கொண்டுவந்தது. மத்திய அரசின் வழிகாட்டுதலும் பிற்பாடு இந்த 75 கிராம் முறையையே எடுத்துக்கொண்டது.

இதைக் குறைசொல்பவர்களும் உண்டு. பட்டினியிருந்து செய்யும் சோதனையோடு ஒப்பிட்டால் இது சிலரைத் தவறவிடுகிறது என்கிறார்கள். ஆய்வுகளில் அது தெரியவும் செய்கிறது. இருந்தாலும், வராமல் போகிற ஆளுக்கு எத்தனை துல்லியமான சோதனை வைத்திருந்தும் என்ன பயன்? என் ஓட்டு டிப்சிக்குத்தான். இன்னொன்று, 140 என்பது சுவர் போட்ட எல்லைக்கோடு அல்ல. ஒன்பது நாடுகளில் ஏறத்தாழ 25,000 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2008-இல் வெளியான ஹேப்போ ஆய்வு, சர்க்கரை ஏற ஏறச் சிக்கலும் படிப்படியாக ஏறுகிறது, திடீரென்று தாவும் இடம் எதுவும் இல்லை என்று காட்டியது. 138 வந்தவர் கொண்டாட வேண்டாம், 142 வந்தவர் அழவும் வேண்டாம்.

குடித்த அரை மணிக்குள் வாந்தி வந்துவிட்டால் சோதனை செல்லாது, வேறொரு நாள் வர வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் பரவாயில்லை, தொடரலாம். காத்திருக்கும் நேரத்தில் வேறு எதுவும் சாப்பிடக் கூடாது. கடைத்தெருவைச் சுற்றிவிட்டு வரவும் கூடாது. நடக்கும்போது தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், அளவு குறைத்துக் காட்டும்.

சரி, சர்க்கரை கூடினால் குழந்தைக்கு என்ன ஆகும்? குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து போகும், தாயின் இன்சுலின் போகாது. அதனால் தாயின் ரத்தத்தில் கூடுகிற சர்க்கரையை எல்லாம் குழந்தை தன் சொந்தக் கணையத்தை வைத்தே சமாளிக்க வேண்டியிருக்கிறது. அது இன்சுலினை அள்ளிச் சுரக்கிறது. இன்சுலினுக்கோ கொழுப்பைச் சேர்க்கிற குணம் உண்டு. டென்மார்க் மருத்துவர் பெடர்சன் 1950-களில் முன்வைத்த விளக்கம் இது, இன்றும் நிற்கிறது. குழந்தைக்குத் தோளிலும் வயிற்றிலும் சதை போடும், தலை அந்த அளவுக்குப் பெருக்காது. "நாலு கிலோ கொழுகொழுன்னு பொறந்தான்" என்று பாட்டி பூரிக்கலாம். பிரசவம் பார்க்கிறவருக்குத் தலை வந்தபின் தோள் சிக்கிக்கொள்ளுமோ என்கிற கவலை இருக்கும்.

பிறந்த பிறகு இன்னொரு திருப்பம். தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து சட்டென்று நிற்கிறது, குழந்தையின் இன்சுலின் உடனே குறைவதில்லை. அதனால் அந்தக் குழந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகும். "என் புள்ளைக்குச் சுகர் வந்துடுமா?" என்று தாய் பயப்படும்போது, நர்ஸ் பார்த்துக்கொண்டிருப்பது அதற்கு நேர்மாறான ஆபத்தை. முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்துவிட வேண்டும் என்று அவசரப்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுகிற பழக்கம் எந்த வீட்டிலாவது மிச்சமிருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

சிகிச்சை பெரும்பாலும் தட்டில்தான் ஆரம்பிக்கும். இரண்டு வாரம் உணவையும் நடையையும் மாற்றிப் பார்ப்பார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை 120-க்குள் நின்றால் பலருக்கு மருந்தே தேவைப்படாது. சாப்பாட்டு விஷயத்தில் நம் ஊர் நம்பிக்கை ஒன்றைக் கொஞ்சம் அசைக்க வேண்டும். கேழ்வரகுக் கூழ் சுகர் ஏற்றாது என்று பலர் தைரியமாக இரண்டு சொம்பு குடிக்கிறார்கள். கேழ்வரகு நல்ல தானியம்தான், அதில் கால்சியமும் அதிகம். ஆனால் மாவாக்கிக் கரைத்துக் குடிக்கும்போது சர்க்கரையை அரிசிக்கு நிகராகவே ஏற்றிவிடும். தொட்டுக்கொள்கிற கருவாட்டின் உப்பு தனிக் கதை, பிரஷர் இருப்பவர்கள் அதை ஒதுக்குவது நல்லது. மற்றபடி காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வழி சுலபம்: சோற்றை ஒரு கரண்டி குறைத்து, நெத்திலியோ சங்கராவோ குழம்பில் இன்னும் இரண்டு துண்டு, கூட ஒரு பொரியல். மூன்று வேளைச் சாப்பாட்டைப் பிரித்துச் சிறிது சிறிதாக உண்பதும் உதவும். பட்டினி மட்டும் கிடக்கக் கூடாது. சாப்பிட்டபின் கால் மணி நேர நடை, டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை, பலன் தரும். வேலை செய்கிற தசை இன்சுலினின் தயவில்லாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

இதெல்லாம் போதாமல் போனால் மெட்ஃபார்மின் மாத்திரையோ இன்சுலினோ. இன்சுலின் என்றதும் "ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போடணுமாமே" என்கிற பயம் வரும். அப்படியில்லை. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் அதன் ஹார்மோன்கள் மறைந்துவிடும், பெரும்பாலானவர்களுக்கு ஊசியும் அத்தோடு நின்றுவிடும். ஊசி குழந்தையைப் பாதிக்குமோ என்ற கவலையும் தேவையில்லை, மேலே சொன்னபடி இன்சுலின் நஞ்சுக்கொடியைக் கடக்காது.

அப்போ எல்லாம் முடிந்ததா என்றால், பலரும் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். கர்ப்பத்தில் திணறிய கணையம், பிற்காலத்திலும் பாரம் கூடினால் திணறும். 2009-இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வின்படி, கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்பாடு நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கு மேல். அதனால் பிரசவமாகி ஆறு வாரத்தில் இன்னொரு முறை 75 கிராம் தண்ணீர் குடிக்க வேண்டும். இந்த முறை மட்டும் வெறும் வயிற்றில், இரண்டு தடவை ரத்தம். குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போட எப்படியும் சுகாதார நிலையத்துக்குப் போவீர்கள். அன்று காலை டிபனைத் தள்ளிவைத்துவிட்டு, சர்க்கரைச் சோதனையும் உண்டா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால் இரண்டு வேலையும் ஒரே நடையில் முடியும்.