படர்தாமரைக்கு ஒரு ஸ்லைடும் ஒரு செல்போனும்

மும்பை மழைக்காலத்தில் தாராவியின் நெருக்கமான வீடுகளில் துவைத்த துணி லேசில் காய்வதில்லை. ஈர உள்ளாடையும் வியர்வையும் சேர்ந்தால் தொடையிடுக்கில் படர்தாமரை பிடித்துக்கொள்ளும். பக்கத்துக் கிளினிக்கில் ஒரு சாதாரண நுண்ணோக்கி இருந்தால், செல்போன் படத்தைப் பார்த்தே பக்கத்துச் சயான் பகுதியிலோ சென்னையிலோ இருக்கும் தோல் மருத்துவர் பூஞ்சையா இல்லையா என்று சொல்லலாம். ஆனால் படம் பெரும்பாலும் போனுக்கு வருவதற்கு முன்பே, மாதிரியை வைக்கும் கண்ணாடித் தகடான ஸ்லைடிலேயே கெட்டுவிடுகிறது.

ஸ்லைடில் வைக்கும் தோல் செதிலைச் சுரண்ட வேண்டியது படையின் நடுவில் அல்ல, செதில் விடும் ஓரத்தில். பூஞ்சை வளர்ந்துகொண்டிருப்பது அங்கேதான். முதலில் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் களிம்பின் எண்ணெய்த் துளிகள் குழப்பும். ஸ்லைடில் வைத்த செதில்மேல் 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு, அதன்மேல் கவர் ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடி, பிறகு 15 முதல் 20 நிமிடம் பொறுமை. இந்தக் காரக் கரைசல் தோல் செல்களைக் கரைத்துத் தெளிவாக்கும். பூஞ்சையின் சுவர் தாக்குப்பிடிக்கும். வழியும் காரத்தை ஒற்றி எடுங்கள், நுண்ணோக்கியின் 40எக்ஸ் (40 மடங்கு) லென்ஸில் பட்டால் கண்ணாடியை அரித்துவிடும். சாயமில்லாத ஸ்லைடு ஆதலால் வெளிச்சம் கூடினால் பூஞ்சை இழைகள் கண்ணுக்கே தெரியாது. ஸ்லைடுக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் கண்டென்சரை இறக்கி, ஒளி வரும் திறப்பான டயாஃப்ரத்தைக் குறுக்க வேண்டும்.

இனி போன். கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸுக்கு மேல் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து மெல்ல உயர்த்துங்கள். ஒளிவட்டம் மிகச் சிறியதாகும் இடம் ஒன்று வரும். கேமரா லென்ஸ் இருக்க வேண்டிய உயரம் அதுதான். விலகினால் ஓரம் கறுக்கும். கையால் பிடிப்பதைவிடக் கிளாம்ப் நல்லது. ஜூம் அதிகமானால் சில போன்கள் தாமாகவே வேறு கேமராவுக்குத் தாவும், திரை இருண்டுவிடும். போன் பழுது என்று பயப்பட வேண்டாம், ஜூமைக் குறைத்தால் போதும். ஃப்ளாஷை அணைத்து, ஃபோகஸைப் பூட்டி, 3 விநாடி டைமரில் எடுங்கள். குறுக்கே பட்டைகள் தெரிந்தால் அது விளக்கின் துடிப்பு. ஷட்டரை 1/50 அல்லது 1/100 விநாடியில் வைத்தால் பெரும்பாலும் மறையும்.

ஒற்றைப் படத்தை நம்பி முடிவு சொல்வதுதான் பெரிய ஆபத்து. தோல் செல்களின் எல்லைக்கோடுகள் வலைபோல் இணைந்து, பூஞ்சை இழை மாதிரியே ஏமாற்றும். உண்மையான இழை ஏறக்குறைய ஒரே தடிமனில், 2 முதல் 4 மைக்ரோமீட்டர் அளவில், உள்ளே குறுக்குச் சுவர்களோடு, கிளைவிட்டு, செல் எல்லைகளை லட்சியம் செய்யாமல் குறுக்கே ஓடும். நுண்ணோக்கியின் ஃபைன் ஃபோகஸ் திருகை மேலும் கீழும் திருகியபடி 10 விநாடி வீடியோ எடுத்தால் இந்த வேறுபாடு தெளிவாகும். நிழற்படத்தில் பல நேரம் தெரியாது.

வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினால் படம் சுருங்கி, நுண்ணிய கோடுகள் கலைந்துவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். நோயாளியின் பெயருக்குப் பதில் எண் போதும். தோலின் சாதாரணப் படம் இரண்டும் கூடவே போகட்டும்: ஒன்று தள்ளி நின்று, ஒன்று அருகே அளவுகோலோடு.

பூசிய களிம்பின் பெயரையும் எழுதுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கலவை, சிவப்பையும் செதிலையும் அடக்கி நோயின் உருவத்தையே மாற்றிவிடும். ஆனால் ஸ்லைடில் பூஞ்சை மண்டிக் கிடக்கலாம். பூஞ்சைக்கொல்லி பூசியிருந்தால் நேர்மாறு: நோய் இருந்தும் இழை அகப்படாமல் போகும். இழை தெரிந்தாலும் அது எந்த இனம், எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை இந்தப் படம் காட்டாது. அதற்குச் செதிலை, பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும்.