பதிலை என்னிடம் கொண்டு வராதே

பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருந்தார். 1 முதல் 5000 வரை கூட்டும் நிரலைப் பைத்தானில் ரிகர்ஷனாக, அதாவது ஒரு ஃபங்ஷன் தன்னைத்தானே அழைக்கும்படி, பாடநூல் சொல்கிற தற்சுழற்சியாக எழுதினாராம். பாதியில் ரிகர்ஷன் எரர் வந்து நின்றுவிட்டது. அதையே ஃபார் லூப்பில் எழுதினால் ஓடுகிறது. கணக்கு ஒன்றுதானே, இது மட்டும் ஏன் நிற்கிறது?

பைத்தான் வழக்கமாக ஆயிரம் அடுக்குக்கு மேல் போக விடாது என்பது உடனடிப் பதில். ஆனால் அந்த வரம்பு இல்லாமலே இந்த நிரலை ஓட வைக்க ஒரு வழி உண்டு, அதைப் பைத்தானில் சேர்க்கலாமா வேண்டாமா என்று பெரிய வாதமே நடந்திருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த வாதம் அது.

ஒரு ஃபங்ஷன் இன்னொன்றை அழைக்கும்போது என்ன நடக்கிறது என்பது தெரிந்ததுதான்: வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியும், பாதியில் நிற்கும் கணக்கும் ஸ்டாக் எனப்படும் நினைவக அடுக்கில் ஒரு ஃபிரேமாக, அதாவது ஒரு பதிவாக, ஏறும். 5 வரை கூட்டு என்றால் "5 கூட்டல், 4 வரை உள்ளதன் கூட்டுத்தொகை". 4-க்கான விடை வரும்வரை அந்த 5 காத்திருக்க வேண்டும். அதற்குள் 4 காத்திருக்கும், 3 காத்திருக்கும், அடுக்கு ஏறிக்கொண்டே போகும்.

சரி, இப்போது எழுதும் முறையைக் கொஞ்சம் மாற்றுவோம். இதுவரை கூட்டியதையும் கூடவே எடுத்துச் செல்லலாம். 5, 0 என்று ஆரம்பித்தால் அடுத்த அழைப்பு 4, 5, பிறகு 3, 9, 2, 12, 1, 14, கடைசியில் 0, 15. விடை 15. இங்கே ஒவ்வொரு அழைப்பும் அடுத்ததை அழைத்த பிறகு செய்ய வேண்டிய வேலை எதுவும் மிச்சமில்லை, வருகிற பதிலை வாங்கி அப்படியே மேலே நீட்டுவதைத் தவிர. கடைசி வேலையாக நடப்பதால் இதற்கு டெயில் கால் என்று பெயர்.

எதற்காக வாங்கி நீட்ட வேண்டும்? எனக்கு ஒருவர் கடிதம் எழுதி ஒரு விவரம் கேட்கிறார், அது எனக்குத் தெரியாது, தெரிந்தவருக்கு நான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் அனுப்ப வேண்டிய முகவரியாக என் முகவரியைக் கொடுத்தால் நான் வாசலிலேயே காத்திருக்க வேண்டும். என்னைக் கேட்டவரின் முகவரியையே அதில் எழுதிவிட்டால், பதில் நேராக அவருக்குப் போய்விடும், நான் என் வேலையைப் பார்க்கலாம். இந்த வழியைச் சேர்த்திருக்கும் மொழிகளில் கணினியும் இதையேதான் செய்கிறது: புது ஃபிரேம் போடாமல், இருக்கிற ஃபிரேமில் எண்களை மட்டும் மாற்றி, பழைய திரும்பும் முகவரியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த ஃபங்ஷனின் தொடக்கத்துக்குத் தாவுகிறது. ஐயாயிரம் முறை என்ன, ஐந்து கோடி முறை அழைத்தாலும் ஒரே ஒரு ஃபிரேம்! உள்ளே பார்த்தால் அது லூப்பேதான்.

இதை 1970-களிலேயே கண்டுகொண்டார்கள். எம்.ஐ.டி.யில் 1975-இல் ஸ்கீம் மொழியை உருவாக்கிய சஸ்மனும் ஸ்டீலும் இதில் முக்கியமானவர்கள். ஃபங்ஷன் அழைப்பு என்பது அடிப்படையில் மதிப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு போகிற ஒரு goto, அதாவது நிரலின் வேறோர் இடத்துக்குத் தாவல்தான் என்று 1977-இல் ஸ்டீல் வாதிட்டார். ஸ்கீமில் இது கட்டாயம். வாட்ஸ்அப் சர்வர்களில் ஓடும் எர்லாங் மொழியில் லூப் கட்டளையே கிடையாது, நிற்காமல் ஓட வேண்டிய நிரல் தன்னைத்தானே டெயில் காலாக அழைத்துக்கொண்டே இருக்கும். ரிகர்ஷன் என்றாலே மெமரியைத் தின்னும் என்று கம்ப்யூட்டர் லேபில் மந்திரம் மாதிரி சொல்லித் தருகிறார்களே, அது தவறு. தின்பதும் தின்னாததும் மொழியைப் பொறுத்தது, நிரலை எழுதும் விதத்தைப் பொறுத்தது.

இவ்வளவு நல்ல விஷயத்தைப் பைத்தான் ஏன் சேர்க்கவில்லை? அதை உருவாக்கிய கீடோ வான் ராஸம் 2009-இல் காரணங்களை விளக்கி எழுதினார். அவற்றில் கனமானது டிரேஸ்பேக். பிழை வந்தால் எந்த ஃபங்ஷன் எதை அழைத்து இங்கே வந்தோம் என்று பைத்தான் வரிசையாகக் காட்டுமே, அது ஸ்டாக்கில் இருக்கும் ஃபிரேம்களைப் பார்த்துத்தான். ஃபிரேமை அழித்துவிட்டால் தடயமும் போச்சு. பிழை தேடி நடுராத்திரியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த வரிசையின் அருமை தெரியும், எனக்கும் தெரியும். பிரவுசர்களில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் தரநிலையில் 2015-இல் இந்த டெயில் கால் வசதி சேர்க்கப்பட்டும், பிரபலமான பிரவுசர்களில் சஃபாரி மட்டுமே அதைச் செயல்படுத்தியது. குரோமின் எஞ்சினில் சோதனையாக வைத்துப் பார்த்து எடுத்துவிட்டார்கள்.

கீடோ சொன்னது நியாயம்தான், ஆனால் பாதி நியாயம் என்பேன். நமக்குத் தெரியாமல் ஃபிரேமை அழித்தால்தான் தொல்லை. நாமே எழுதிக் கேட்டால்? காட்லின் மொழியில் டெயில்ரெக் என்ற சொல்லை எழுதினால்தான் இது நடக்கும். குளோஜர் மொழியில் ரெக்கர் என்று எழுத வேண்டும், அந்த அழைப்பு கடைசி வேலையாக இல்லாவிட்டால், நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் ஏற்காது. தடயம் போகும் என்று தெரிந்தே ஒருவர் எழுதுகிறார், வேண்டாதவர் எழுதாமல் விடலாம். அப்படி ஒரே ஒரு சொல்லைப் பைத்தானில் சேர்ப்பது தகும் என்றே நினைக்கிறேன். லூப் இருக்கும்போது எதற்கு என்று கேட்பார்கள். கூட்டலுக்குத் தேவையில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறிக்கொண்டே இருக்கும் நிரலை, நிலைக்கு ஒரு ஃபங்ஷனாக எழுதி ஒன்றையொன்று அழைக்க விட்டால் எவ்வளவு தெளிவாக இருக்கும் என்பதை ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

2025-இல் வந்த பைத்தான் 3.14-இல் ஒரு புது வசதி இருக்கிறது. பைத்தான் நிரலை ஓட்டும் இன்டர்பிரெட்டர் சி மொழியில் எழுதப்பட்டது. கிளாங் 19 கம்பைலரில் அதற்கான தெரிவைக் கொடுத்துத் தொகுத்தால், அதன் உள்ளே ஒவ்வொரு கட்டளையும் ஒரு சிறு சி ஃபங்ஷனாகி, அடுத்த கட்டளையை டெயில் காலாக அழைக்கிறது. அது கட்டாயம் டெயில் காலாகத்தான் இருக்க வேண்டும் என்று சி நிரலிலேயே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். வேகம் சராசரியாக 3 முதல் 5 சதவீதம் கூடுகிறது. ஆயிரத்தில் நின்றுபோன மாணவியின் நிரலை அப்படித் தொகுத்த பைத்தானில் ஓட்டினாலும் அது ஆயிரத்தில்தான் நிற்கும், ஆனால் அதுவரை உள்ளே அதை ஓட்டிக்கொண்டிருப்பது டெயில் கால்கள்தான்.