மினிட்மேன்: நொடிப்படை வீரர்

மினிட்மேன் என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘நிமிட மனிதர்’ என்று வரும். படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. 1774, 1775ஆம் ஆண்டுகளில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் ஊர்ப்படைகளிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பெயர். அழைப்பு வந்த மறுகணமே துப்பாக்கியோடு புறப்பட வேண்டும் என்பது அவர்கள் ஏற்றுக்கொண்ட கடமை. அமெரிக்க விடுதலைப் போரின் முதல் நாள் சண்டையில் பெரும்பங்கு அவர்களுடையது.

சொல்லின் முதற்பாதி லத்தீனிலிருந்து வந்தது. பழைய வானியலார் வட்டத்தின் பாகையையும் பின்னர் மணிநேரத்தையும் அறுபதாகப் பகுத்து, கிடைத்த துண்டுக்கு ‘முதல் சிறுகூறு’ என்று பெயரிட்டார்கள். அந்தத் தொடரில் ‘சிறு’ என்று பொருள்படும் ‘மினுட்டா’தான் ஆங்கிலத்தில் மினிட் ஆயிற்று. அதை மீண்டும் அறுபதாகப் பகுத்தால் வருவது ‘இரண்டாம் சிறுகூறு’. செகண்ட் என்னும் பெயர் பிறந்தது அதனால்தான். ஆனால் மினிட்மேன் என்னும் பெயரில் கடிகாரக் கணக்கு கிடையாது. ‘ஒரு நிமிட எச்சரிக்கையில்’ என்பது அந்தக் கால ஆங்கில வழக்கு. நாம் ‘கூப்பிட்ட குரலுக்கு’ என்கிறோமே, ஏறத்தாழ அதுதான்.

இந்தப் படையைப் புரிந்துகொள்ள மிலிஷியா என்ற இன்னொரு சொல்லையும் தொட்டாக வேண்டும். லத்தீனில் ‘மீலெஸ்’ என்றால் போர்வீரன், ‘மிலிட்டியா’ என்றால் படைப்பணி. ஆங்கிலத்தில் அது, சம்பளப் பட்டாளத்தில் சேராமல் தேவைப்படும்போது மட்டும் ஆயுதம் எடுக்கும் குடிமக்களின் படையைக் குறிக்கலாயிற்று. மாசசூசெட்ஸில் 16 முதல் 60 வயது வரையிலான ஆண்களில் பெரும்பாலோர் சட்டப்படி அதில் சேர்ந்தாக வேண்டும். துப்பாக்கி அவரவர் சொந்தச் செலவு. இன்றைய செய்திகளில் மிலிஷியாவை ‘ஆயுதக் குழு’ என்று எழுதுகிறார்கள். இன்றைய உள்நாட்டுப் போர்களுக்கு அது பொருந்தும். 1775இன் மாசசூசெட்ஸுக்கு அதைப் போட்டால், ஊராட்சியின் சட்டபூர்வமான அங்கம் ஒன்று கொள்ளைக் கும்பல்போல் தோற்றமளித்துவிடும்.

ஊருக்கு ஊர் மிலிஷியா என்னும் குடிப்படை இருக்கும்போது நொடியில் எழும் தனிப்படை எதற்கு? காரணம் வெடிமருந்து. பாஸ்டன் துறைமுகத்தில் குடியேறிகள் தேயிலையைக் கடலில் கொட்டியதற்குத் தண்டனையாக, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1774இல் அந்தத் துறைமுகத்தை மூடியது. மாசசூசெட்ஸின் தன்னாட்சியையும் முடக்கியது. தளபதி தாமஸ் கேஜ் ஆளுநராக வந்து அமர்ந்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி அதிகாலையில் அவருடைய சிப்பாய்கள் படகில் சென்று, பாஸ்டனுக்கு வெளியே இருந்த கிடங்கிலிருந்து 250 அரைப் பீப்பாய் வெடிமருந்தை அள்ளி வந்துவிட்டார்கள். ஒரு குண்டுகூடச் சுடப்படவில்லை. ஆனால் சேதி பரவப் பரவக் கை கால் முளைத்தது. ஆட்கள் செத்துவிட்டார்கள், பாஸ்டனே பீரங்கியால் தாக்கப்படுகிறது என்று வதந்தி பறந்து, ஆயிரக்கணக்கானோர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு, பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜ் நோக்கி நடந்தார்கள். போய்ப் பார்த்தால் போரும் இல்லை, மருந்தும் இல்லை. உண்மையாகவே ஆபத்து வந்தால் இப்படித் தாமதமாகப் போய் நின்று பயனில்லை என்பது எல்லோருக்கும் உறைத்தது.

அதே மாதம் வூஸ்டர் மாவட்ட மாநாடு, ஆளுநரிடம் பதவி பெற்றிருந்த படை அதிகாரிகளை விலகச் சொன்னது. புதிய அதிகாரிகளை ஊராரே தேர்ந்தெடுக்க வேண்டும், ஆட்களில் மூன்றில் ஒரு பங்கினர் ஒரு நிமிட எச்சரிக்கையில் புறப்படத் தயாராக இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அக்டோபர் 26இல் மாசசூசெட்ஸ் மாகாணப் பேரவை, குறைந்தது நான்கில் ஒரு பங்கினரை இப்படிப் பிரித்து ஐம்பது பேர் கொண்ட அணிகளாக அமைக்கச் சொன்னது. அந்தப் பேரவையே ஆளுநரை மீறிக் கூடியது என்பதை மறக்கக் கூடாது. கலப்பையைப் போட்டுவிட்டு ஆவேசத்தில் ஓடிவந்த உழவர்கள் என்ற சித்திரம் பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் இது தீர்மானம், பெயர்ப்பட்டியல், வாரந்தோறும் பயிற்சி, பல ஊர்களில் பயிற்சிக்குப் படி என்று திட்டமிட்டு நடந்த வேலை. எனக்கு அந்தச் சித்திரத்தைவிட இந்தப் பட்டியல்தான் வியப்பூட்டுகிறது.

1775 ஏப்ரல் 18 இரவு, சுமார் 700 பிரிட்டிஷ் சிப்பாய்கள், கான்கார்டு என்ற ஊரில் குடியேறிகள் பதுக்கியிருந்த ஆயுதங்களை அழிக்கப் பாஸ்டனிலிருந்து கிளம்பினார்கள். பால் ரிவீரும் வில்லியம் டாஸும் குதிரையேறிச் சேதி சொல்லப் போனார்கள். ‘பிரிட்டிஷார் வருகிறார்கள்!’ என்று ரிவீர் கூவியதாகக் கதை உண்டு. அதில் உண்மையிருக்க வாய்ப்பில்லை. அன்றைக்கு அந்த ஊர்க்காரர்களும் தங்களைப் பிரிட்டிஷார் என்றே கருதினார்கள். ‘ரெகுலர்கள்’, அதாவது நிலைப்படையினர், கிளம்பிவிட்டார்கள் என்பதே சேதி. கான்கார்டு சேருமுன் ரிவீர் பிடிபட்டார். வழியில் சேர்ந்துகொண்ட மருத்துவர் சாமுவேல் பிரெஸ்காட்தான் அங்கு தகவலைக் கொண்டு சேர்த்தார்.

விடியற்காலையில், கான்கார்டு போகும் வழியில் இருந்த லெக்சிங்டன் ஊரின் புல்வெளியில் ஜான் பார்க்கர் தலைமையில் எழுபத்துச் சொச்சம் பேர் அணிவகுத்தார்கள். இவர்களைத்தான் உலகம் மினிட்மேன் என்று கொண்டாடுகிறது. ஆனால் லெக்சிங்டனில் தனி நொடிப்படை அமைக்கப்படவே இல்லை. அன்று நின்றது ஊரின் வழக்கமான குடிப்படை. அதில் பிரின்ஸ் எஸ்டாப்ரூக் என்ற கறுப்பின அடிமையும் இருந்தார், காயமும் பட்டார். முதல் வேட்டைச் சுட்டது யார் என்பது இன்றுவரை தீராத வழக்கு. சில நிமிடங்களில் எட்டுப் பேர் இறந்து கிடந்தார்கள்.

அசல் நொடிப்படையைப் பார்க்க வேண்டுமானால் கான்கார்டின் வடக்குப் பாலத்துக்குப் போக வேண்டும். ஆக்டன் என்ற பக்கத்து ஊரின் அணிக்குத் தலைவர் ஐசக் டேவிஸ். துப்பாக்கி செய்வது அவர் தொழில். தன் ஆட்களின் துப்பாக்கிகளுக்குத் துப்பாக்கிமுனைக் கத்தி பொருத்திக் கொடுத்திருந்தார். பாலத்தை நோக்கி யார் முன்னே செல்வது என்ற கேள்வி வந்தபோது, கத்தி இருந்த ஆக்டன் அணியே முன்வரிசைக்கு வந்தது. பாலத்தில் இருந்த சிப்பாய்கள் நூறு பேருக்கும் குறைவு. எதிரே வந்தவர்கள் சுமார் நானூறு பேர். சிப்பாய்கள் சுட்டதில் டேவிஸ் அங்கேயே விழுந்தார். திருப்பிச் சுடும்படி மேஜர் ஜான் பட்ரிக் ஆணையிட்டார். அரசரின் படையை நோக்கி முதன்முதலில் ஆணைப்படி சுட்டது அங்கேதான். அதன் பிறகு பாஸ்டன் வரை சிப்பாய்கள் பின்வாங்கிய வழியெல்லாம், அணி அணியாக வந்த ஊர்ப்படைகள் கற்சுவர்களுக்கும் மரங்களுக்கும் பின்னாலிருந்து சுட்டன. அன்று மாலைக்குள் பிரிட்டிஷ் தரப்பில் 73 பேரும் குடியேறிகள் தரப்பில் 49 பேரும் இறந்திருந்தார்கள்.

நொடிப்படைக்கு ஆயுள் குறைவு. பாஸ்டனை முற்றுகையிட மாதக்கணக்கில் தங்கியிருக்கும் படை தேவைப்பட்டது. 1775 ஜூன் 14இல், குடியேற்றங்களின் பொதுப் பேரவையான காங்கிரஸ், கண்டத்துப்படை என்ற நிலைப்படையை நிறுவியது. மறுநாள் ஜார்ஜ் வாஷிங்டனைத் தளபதியாக்கியது. கூப்பிட்டவுடன் வருகிற ஆள் வேறு, குளிர்காலம் முழுவதும் கூடாரத்தில் கிடக்கிற ஆள் வேறு. குடிப்படையை நம்புவது ஒடிந்த தடியை ஊன்றி நிற்பதற்குச் சமம் என்று 1776 செப்டம்பரில் வாஷிங்டனே நொந்து எழுதினார். 1781இல் யார்க்டவுனில் வெற்றி தேடித் தந்தவை பயிற்சி பெற்ற அந்த நிலைப்படையும் பிரெஞ்சுத் தரைப்படையும் கடற்படையும்தான்.

தமிழுக்கு வருவோம். நிமிடம் என்பது வடமொழி நிமிஷத்தின் வழிவந்தது. மூலப்பொருள் கண் இமைப்பது. ஆனால் இன்று நிமிடம் என்றால் அறுபது நொடி என்றுதான் படும். நொடி என்பது விரல் நொடிப்பது. தொல்காப்பியம் மாத்திரைக்கு அளவு சொல்லும்போது கண்ணிமையையும் நொடியையும் சேர்த்தே சொல்கிறது. நொடியும் இன்று செகண்டுக்குப் பெயராகிவிட்டது. ஆனாலும் ‘நொடிப்பொழுதில்’, ‘ஒரு நொடியில்’ என்ற வழக்குகளில் உடனடி என்னும் பொருள் உயிரோடு இருக்கிறது. ஆகவே படைக்கு நொடிப்படை, ஆளுக்கு நொடிப்படை வீரர். சொல் முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘அழைத்தவுடன் எழும் குடிப்படை’ என்று ஒரு விளக்கத்தைச் சேர்த்துவிட்டால் போதும்.

மிலிஷியாவுக்குக் குடிப்படை என்றேன். திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்துக்கு உரை எழுதும் பரிமேலழகர் மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என்று ஆறு வகை சொல்கிறார். மிலிஷியாவுக்கு அவற்றில் நெருக்கமானது நாட்டுப்படைதான். ஆனால் இன்றைய வாசகர் அதைத் தேசிய ராணுவம் என்று எடுத்துக்கொள்வார். வாஷிங்டனின் படையோடு குழப்பம் வரும். துணைப்படையும் கூட்டாளி நாட்டுப் படையைக் குறிக்கும் என்பதால் அதைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு விட்டுவிடலாம். கூலிப்படையோ, அரசர் மூன்றாம் ஜார்ஜ் ஜெர்மன் சிற்றரசுகளிடம் வாடகைக்கு எடுத்த ஹெஸ்ஸியர்களுக்கு அப்படியே பொருந்துகிறது. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் அரிவாளோடு காரில் வருபவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அது ஹெஸ்ஸியர்களின் கெட்ட நேரம்.

நொடிப்படையின் செயலுக்கே நம் இலக்கணத்தில் ஒரு துறை இருக்கிறது: கரந்தை அரவம். பகைவர் ஆநிரையைக் கவர்ந்த சேதி கேட்டதும், செய்துகொண்டிருந்த தொழிலை அப்படியே விட்டு வீரர்கள் விரைந்து கூடுவதைப் புறப்பொருள் வெண்பாமாலை இப்படிப் பெயரிடுகிறது. கான்கார்டில் 1875இல் திறக்கப்பட்ட டேனியல் செஸ்டர் பிரெஞ்சின் சிலையில், மேலங்கியைக் கலப்பைமேல் போட்டுவிட்டுத் துப்பாக்கியுடன் ஓர் உழவன் கால் எடுத்து வைக்கிறான். அந்தத் துறைக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. அதற்காகக் ‘கரந்தை வீரர்’ என்று பெயர் வைக்கச் சொல்லமாட்டேன். இலக்கணம் படித்தவருக்கு இனிக்கும். மற்றவருக்கு இன்னொரு நிமிட மனிதர்.

1960களிலிருந்து அமெரிக்கா வைத்திருக்கும் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைக்கும் மினிட்மேன் என்றே பெயர். திட எரிபொருள் என்பதால், ஏவும் நேரத்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆணை வந்தவுடன் புறப்பட்டுவிடும். அது ஆயுதத்துக்கு இட்ட பெயர். செய்தியில் அதை மொழிபெயர்க்காமல் மினிட்மேன் என்றே விட்டுவிடலாம்.